பானகப் பந்தலும் நெல்லிப் பூவும்

பங்குனி 29, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள முருகேஸ்வரிக்கு,

இங்கு நானும் உன் ஆறு தேனீப் பெட்டிகளும் நலமாக இருக்கிறோம். பெட்டிகளின் நலம் பற்றி நடுவில் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. அதைக் கீழே எழுதுகிறேன். அங்கு நீயும் அழகுமீனாவும் மாப்பிள்ளையும் பேத்தியும் நலமாக இருப்பதை ஞாயிறுதோறும் போனில் பார்க்கிறேன். பார்த்த பிறகும் கடிதத்தில் ஒரு தடவை விசாரிக்க வேண்டும் என்பது முறை. விசாரித்ததாக வைத்துக்கொள்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நான் பேசுவது கனடாவில் உங்கள் கால்கரி வீட்டின் கூடம் முழுவதும் கேட்கிறது. திரையில் உன் முகம் பாதிதான் தெரிகிறது, மீதி இடத்தில் மாப்பிள்ளையின் முழங்கை இருக்கிறது. நல்ல பையன்தான், முழங்கை மேலும் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு மனைவியிடம் என்ன பேச முடியும்? மாப்பிள்ளையின் நண்பருடைய மாமனார் சாத்தூரிலிருந்து வரும் வியாழக்கிழமை அங்கு வந்து சேர்கிறார். அவரிடம் கொடுத்தனுப்பும் பருப்புப்பொடிக்கும் இட்லிப்பொடிக்கும் நடுவில் இது இருக்கும்.

போன ஞாயிறு மீனா கேட்டது உனக்கு நினைவிருக்கும். அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மா இன்னும் ஆறு மாதம் இருக்கட்டும், விசாவை நீட்டிக்க இந்த ஏப்ரல் கடைசிக்குள் மனுப் போட வேண்டும், அப்பா என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டாள். நீ ஒன்றும் பேசவில்லை. குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தாய். நான் 'உங்க இஷ்டம்' என்று சொன்னேன்.

வேலையில் இருந்த காலம் முழுக்கச் சிவகாசியில் தினசரிக் காலண்டருக்கு எழுதிப் பிழைத்தவன் நான். மேஷத்துக்கு நன்மை, ரிஷபத்துக்கு வரவு, மிதுனத்துக்குப் பயம் என்று கட்டத்துக்கு ஒரு சொல்லாக ஜனங்களின் ஒரு நாளை முடித்து வைத்தவன். 'உங்க இஷ்டம்' என்பதும் அந்தக் கட்டத்துக்குள் அடங்குகிற சரக்குதான். எந்த ராசிக்கும் பொருந்தும், எவருக்கும் உதவாது. இன்று காலை நீங்கள் அழைத்தபோது சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது. என்னிடம் பதில் இல்லை. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஊர்ச் செய்தியைச் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்து வீட்டுச் சுப்புத்தாய் தினமும் காலையில் பட்டாசுக் கம்பெனி வேன் ஏறுவதற்கு முன்னால் ஒரு கிண்ணம் குழம்பு வைத்துவிட்டுப் போகிறாள். நீ சொல்லிவிட்டுப் போனாயாம். சோறு மட்டும் நான் வடிக்கிறேன். வடித்த சோற்றை அவள் ஒரு நாள் பார்த்தாள். மறுநாளிலிருந்து சோறும் வருகிறது. எனக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் நீ போகும்போது எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கின்றன. டாக்டர் அதைச் சாதனை என்கிறார்.

இனி தேனீ. நீ விமானம் ஏறுகிற அன்று என்னிடம் சொன்னது இரண்டே விஷயம்தான். கேஸ் சிலிண்டரை இரவில் மூட வேண்டும், தேனீப் பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கக் கூடாது. "அதுகளுக்கு வேலை தெரியும், நீங்க சும்மா இருங்க" என்றாய். நான் பெட்டியைத் திறக்கவில்லை. ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. தோப்பில் நெல்லி பூத்துவிட்டது.

இந்த வருடம் மழை பிந்தியதால் பூவும் பிந்தி, பங்குனியில்தான் வந்தது. பூ என்று சொல்வது மரியாதைக்காக. மஞ்சளும் பச்சையுமாக, குருணையளவு, இலைக் காம்போடு ஒட்டிக்கொண்டு இருக்கிறது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிளையில் மூக்கை வைத்தால்தான் எனக்குத் தெரிகிறது. ஆண் பூ கிளை நெடுகக் கூட்டமாக உட்கார்ந்திருக்கிறது. பெண் பூ நுனிப்பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக, தேடினால்தான் கிடைக்கிறது. இத்தனை சிக்கனமான ஒரு பூவைத் தேனீ எப்படித்தான் கண்டுபிடிக்கிறதோ, வெயில் ஏறுவதற்குள் மரமே இரைய ஆரம்பித்துவிடுகிறது.

ஒரு நாற்காலியைத் தோப்பில் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். நெல்லி என்று ஒரு தேனீ கிளம்பிவிட்டால் அந்த நடைக்கு நெல்லிதான். வரப்பில் வேம்பு பூத்துக் கொட்டுகிறது, வாசனை நம் வீடு வரைக்கும் வருகிறது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேம்புக்குப் போகிற தேனீ வேறு, அது நெல்லியைப் பார்ப்பதில்லை. நம் பஞ்சாயத்தில் இப்படி ஒரு வேலையை எடுத்தால் முடிக்கிற ஆள் எவராவது உண்டா என்று யோசித்தேன். கிடைக்கவில்லை. தேனீயோ பின்னங்காலில் மகரந்தத்தை உருண்டை பிடித்துக்கொண்டு ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் போகிறது. நீ நெல்லியில் இரண்டு ரகம் வாங்கி வரிசை மாற்றி மாற்றி நட்டபோது நான் கிண்டல் செய்தேன். ஒரே ரகமாக இருந்தால் காய் சரியாகப் பிடிக்காது என்று தோட்டக்கலை அலுவலர் சொன்னதாக நீ சொன்னாய். அது இப்போது என் கண்ணெதிரில் நடந்தது.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த ஒரு காரியத்தில்தான் நான் கையை வைத்தேன்.

இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்கு நடப்பவர்களுக்குப் பங்குனிக் கடைசி வெள்ளிக்கு முன்னால் நம் தோப்பு முகப்பில் வருடா வருடம் நீ மோர்ப் பந்தல் போடுவாய். இந்த வருடமும் உன் சித்தப்பா மகன் உக்கிரபாண்டி வந்து நின்றான். பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிற யூனிட் வைத்த பிறகு அவனுடைய குரலும் ஒரு சுற்றுப் பெருத்திருக்கிறது. "என்னத்தான், அக்கா ஊர்ல இல்லேன்னா நடந்து வர்றவுக நாக்கு வறண்டு போகணுமோ?" என்று கேட்டான். உன் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று ஒத்துக்கொண்டேன். ஆனால் நம் எருமைக்குப் பால் வற்றிவிட்டது. மோருக்குப் பதிலாகப் பானகம் வைக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. வெல்லம், எலுமிச்சம்பழம், சுக்கு, ஏலக்காய். புதுப்பானையில், ஈரத்துணி சுற்றி, நிழலுக்காக நெல்லியின் முதல் வரிசைக்குக் கீழேயே வைத்தேன். குடித்துப் பார்த்தேன். நன்றாக இருந்தது. உன்னை ஒரு விஷயத்தில் மிஞ்சிவிட்டேன் என்று நினைத்ததையும் மறைக்கவில்லை.

புதன்கிழமை காலையில் பந்தல் திறந்தோம். முற்பகலில் ஒரு தேனீ வந்து பானையின் விளிம்பில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போனது. போய்ப் பெட்டிக்குள் ஆடி மற்றவைக்கு வழி காட்டியிருக்கும். வெயிலுக்குத் தண்ணீரும் வேண்டும், இனிப்பும் வேண்டும், இரண்டும் ஒரே பானையில், அதுவும் வீட்டு வாசலில் கிடைக்கிறது என்றால் மற்றவை என்ன செய்யும்? வெயில் உச்சிக்கு வருவதற்குள் ஆறு பெட்டியின் கூட்டமும் பந்தலில் இருந்தது. பானைகள் கறுத்துப்போய் இரைந்தன. தோப்புக்குள் போய்க் காது கொடுத்தேன். சத்தமே இல்லை. நெல்லிப் பூ தன் பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

நடந்து வந்தவர்களில் முதல் கூட்டம் பயந்து ஒதுங்கிப் போனது. அப்போதே பானைகளைத் தூக்கி உள்ளே வைத்திருக்க வேண்டும். நான் வைப்பதற்குள் இரண்டாவது கூட்டம் வந்துவிட்டது. அதில் மாடத்தி என்று ஓர் அம்மாள், கோவில்பட்டிப் பக்கம். மஞ்சள் சேலை, கையில் அக்கினிச்சட்டிக்கான வேப்பிலைக் கட்டு. பானைக்கு முன்னால் நின்று உற்றுப் பார்த்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "ஆத்தா வந்து இறங்கிட்டா" என்றாள்.

அவ்வளவுதான். அதன் பிறகு யாரும் பானகம் குடிக்கவில்லை. வேப்பிலை கட்டினார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள், சூடம் ஏற்றினார்கள். அன்று இருட்டுவதற்குள் ஜனங்கள் நடையைக் கட்டிவிட்டார்கள்; தேனீ பெட்டிக்குத் திரும்பியதை நான் மட்டும் பார்த்தேன், சூடம் ஏற்றிய பானையைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. வியாழக்கிழமை காலையில் உக்கிரபாண்டி கயிறு கட்டி, வரிசையில் வரச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். தாகத்துக்கு என்று வைத்த பானகத்தைப் பார்ப்பதற்காக ஜனங்கள் வெயிலில் தாகத்தோடு வரிசையில் நின்றார்கள். பார்த்துக் கும்பிட்டுவிட்டு, எதிர்க்கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு நடந்தார்கள். கடைக்காரனுக்கு மட்டும் ஆத்தாளின் அருள் உடனே கிடைத்தது.

நான் மெல்ல அருகில் போய்ப் பார்த்தேன். பானகத்தில் தேனீக்கள் மிதந்துகொண்டிருந்தன. சூடப் புகையில் சில மயங்கித் தரையில் கிடந்தன. மரத்தில் பூ அப்படியே இருக்கிறது. நெல்லிக்குப் பூக்காலம் கொஞ்ச நாள்தான், போனால் அந்தப் போகத்துக்குக் காய் இல்லை. இதையெல்லாம் உக்கிரபாண்டியிடம் எடுத்துச் சொன்னேன். பானையை எடுத்தால் ஊருக்கு ஆகாது என்றான். மேற்கொண்டு ஒரு செய்தியும் சொன்னான். வெள்ளிக்கிழமை விடிந்ததும் பந்தலை ஒட்டிப் பத்தாயிரம் வாலா சரம் போட்டு ஆத்தாளை வரவேற்கப் போகிறார்களாம். சரத்துக்குச் சொல்லியாகிவிட்டதாம். நம் ஊரில் சரத்துக்குச் சொல்லியாகிவிட்டது என்றால் எப்படியும் வெடித்தே தீரும்.

பந்தலிலிருந்து கல் எறிந்தால் பெட்டியில் விழும். நம்முடையது இந்தியத் தேனீ. இடம் பிடிக்கவில்லை என்றால் யாரிடமும் சொல்லாமல் பெட்டியைக் காலி செய்துவிட்டு, மொத்தமாகக் கிளம்பிப் போய்விடும் என்று நீ எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாய். பத்தாயிரம் வாலாவுக்குப் பிறகும் அவை அங்கே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அப்போது எனக்கு வந்த பயம் நெல்லிக்காக வந்தது அல்ல. ஆறு காலிப் பெட்டி. அது போனில் உனக்குத் தெரிந்தால், இங்கு திரும்பி வர உனக்கு இருக்கிற காரணங்களில் பெரிய காரணம் ஒன்று போய்விடும். மீதி இருக்கும் காரணம் நான். அதை மட்டும் நம்பி நான் இருக்க முடியுமா?

நீ இருந்தால் ஒரு அதட்டில் முடித்திருப்பாய். எனக்கு அதட்ட வராது. ஆனால் காலண்டர்க்காரனுக்கு வேறு ஒரு வழி உண்டு. வரிசையில் நிற்கிற ஜனம் கேட்கிற மாதிரி உக்கிரபாண்டியிடம் கேட்டேன்.

"மாப்பிள்ளை, ஆத்தா இங்கன வந்துட்டா, சரி. நாளைக்குக் கடைசி வெள்ளி. அத்தனை ஜனமும் இருக்கன்குடிக்குப் போகுது. அங்கன யாரு இருப்பா?"

உக்கிரபாண்டி கட்டிய கயிற்றை இழுத்துச் சரிபார்த்தான். அவனுக்குப் பின்னால் ஒரு கிழவர், அதுதானே என்றார். வரிசை நெடுக அந்த அதுதானே நகர்ந்து போனது. அக்கினிச்சட்டி எடுக்க நேர்ந்தவர்கள், நேர்த்திக்கு ஆயிரங்கண் பானை சுமப்பவர்கள், முடி இறக்கப் போகிறவர்கள், எல்லோரும் உக்கிரபாண்டியையே பார்த்தார்கள். ஆத்தாளைப் பிடித்து வைத்திருக்கிற ஆள் என்கிற பார்வை. இதுவரை அவன் எந்தத் தேர்தலில் நின்றபோதும் இத்தனை பேர் அவனைக் கவனித்ததில்லை.

"அப்ப என்னத்தான் செய்ய?" என்றான். குரல் பழைய அளவுக்கு வந்திருந்தது.

திருப்பி அனுப்ப வேண்டும் என்றேன். எப்போது என்றான். பொழுது சாய்ந்ததும், ஆத்தா தானாகவே எழுந்துகொள்வாள், எழுந்த பிறகு பானைகளைச் சுமந்து போய் இருக்கன்குடி ஆற்றில் சேர்த்துவிட வேண்டும், அதற்கு முன்னால் சூடமோ சத்தமோ கூடாது என்று சொன்னேன். காலண்டரில் அப்படி இருக்கிறதா என்று ஒருவன் கேட்டான். அதற்கு உக்கிரபாண்டியே பதில் சொன்னான்: "காலண்டரே அவுகதாம்லே எழுதுனது."

பொய் சொன்னேன் என்று நினைக்காதே. இருட்டுவதற்குள் தேனீ பெட்டிக்குத் திரும்பிவிடும் என்பது எந்தக் காலண்டரைக் கேட்டாலும் மாறாது. வெயில் இறங்க இறங்கப் பானையின் இரைச்சல் குறைந்தது. கடைசித் தேனீயும் கிளம்பிப் போனதை அத்தனை பேரும் கைகூப்பிப் பார்த்தார்கள். மாடத்தியம்மாள் அதற்குள் இருக்கன்குடி போய்ச் சேர்ந்திருப்பாள். அவளுக்கு இதில் சம்பந்தமில்லை என்று ஆகிவிட்டது. இளவட்டங்கள் பானைகளைத் தூக்கிக்கொண்டு மேளத்தோடு போனார்கள். பத்தாயிரம் வாலாவை ஆற்றங்கரையில்தான் போட வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி அனுப்பினேன். ஆத்தா வந்து சேர்ந்ததை அங்கே இருப்பவர்களுக்கு யார் சொல்வது என்று கேட்டதும் ஒத்துக்கொண்டார்கள். வெடித்தது நம் வீட்டுக்குக் கேட்கவில்லை.

பானைகள் போவதற்கு முன்னால் மிதந்த தேனீக்களைக் கரண்டியால் எடுத்து வாழையிலையில் பரப்பியிருந்தேன். வேனிலிருந்து இறங்கி வந்த சுப்புத்தாய், கையில் ஒட்டிய வெள்ளிப் பொடியோடு அங்கேயே நின்று பார்த்தாள். சில தேனீக்கள் இறக்கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தன. பல எழவில்லை. எதற்கு இம்புட்டுப் பதற்றம் என்று கேட்டாள். மீனா கேட்டது, நான் சொன்ன பதில், காலிப் பெட்டி பற்றிய பயம், எல்லாவற்றையும் எப்படியோ அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் சிரித்தாள்.

"நல்ல ஆளு அண்ணாச்சி நீங்க. மதினியக் கூப்பிடணும்னா கூப்பிடுங்க. தேனீ தேடுது, நெல்லி தேடுதுன்னு எதுக்குச் சுத்தி வளைக்கீக?"

வெள்ளிக்கிழமை, சுப்புத்தாயின் தங்கை வீட்டிலிருந்து தயிர் வாங்கி மோர்ப் பந்தலே போட்டோம். உப்பும் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்ட மோரைத் தேனீ ஏறிட்டும் பார்க்கவில்லை. நீ இத்தனை வருடம் மோரே கொடுத்ததற்கு இதுதான் காரணமா, அல்லது மோர் மிச்சம் இருந்தது மட்டும்தான் காரணமா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பானை இருந்த வெற்றிடத்தில் மட்டும் அன்று முழுவதும் வந்து வந்து வட்டம் போட்டுப் போயின. நேற்றுக் காலையில் தோப்பு மறுபடியும் இரைந்தது. நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே தூங்கியும் போனேன். வெகுநாளைக்குப் பிறகு வந்த நல்ல தூக்கம்.

அந்த இரண்டு நாளில் எவ்வளவு பூ வீணானது என்று இப்போது சொல்ல முடியாதாம். சூல் பிடித்த நெல்லிப் பிஞ்சு பல வாரம் வளராமல் கண்ணை மூடிக்கொண்டே இருக்கும், ஆடி வாக்கில்தான் தெரியும் என்று அலுவலர் சொல்கிறார். என் கைங்கரியத்தின் விளைவு எனக்குத் தெரிய அவ்வளவு காலம் இருக்கிறது. இதை நினைத்து நீ அங்கே கவலைப்படாதே. காய் குறைந்தால் குறையட்டும்.

இனி மீனா கேட்டதற்கு வருகிறேன்.

நீ அங்கே சந்தோஷமாக இருக்கிறாயோ என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. குழாயைத் திறந்தால் வெந்நீர் வருகிறது என்றாய். தனியாகப் பஸ் ஏறி நூலகத்துக்குப் போய்த் தமிழ்ப் புத்தக அலமாரியைக் கண்டுபிடித்தேன் என்றாய். பனியில் சிவப்புக் கோட்டுப் போட்டு நின்று நீ சிரித்த படத்தை மீனா அனுப்பியிருந்தாள். அப்படி நீ சிரித்து நான் இங்கே அதிகம் பார்த்ததில்லை. அதனால்தான் வா என்று சொல்ல வாய் வரவில்லை. பெருந்தன்மையால் அல்ல. கூப்பிட்டு நீ வராமல் போனால் என்ன செய்வது என்பதால்.

குழந்தைக்கோ மீனாவின் உடம்புக்கோ நீ உண்மையிலேயே வேண்டும் என்றால் இரு. உனக்கே அங்கு இருக்கப் பிடித்திருந்தாலும் இரு, அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அவர் எப்படியும் சமாளித்துக்கொள்வார், அவருக்கு இதில் ஒன்றுமில்லை என்று நினைத்து மட்டும் இருந்துவிடாதே. எனக்கு இதில் இருக்கிறது. நீட்டிக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அபிப்பிராயம் என்று எழுதிவிட்டேன், நீ ஆசை என்று படித்துக்கொள்.

பேத்தி நீண்ட ஆயுளோடு, அவள் அம்மாவின் பிடிவாதமும் ஆச்சியின் சிரிப்புமாக வளர இருக்கன்குடி ஆத்தாளை வேண்டிக்கொள்கிறேன். மீனாவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. வரும் ஞாயிறு நீங்கள் அழைக்கும்போது சிக்னல் இருக்கும். என்ன முடிவு என்று எல்லோர் முன்னாலும் என்னை மறுபடி கேட்கச் சொல். இந்தத் தடவை நீ பேசாமல் இருந்தால்கூட, வா என்று நான் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் வருகையை எதிர்பார்க்கும்
கண்ணுச்சாமி